கண்டமென்னும் கடிநகருக்கு மலைவழியே

பெரியாழ்வார் மங்களாசாசனம் செய்தருளிய கண்டமென்னும் கடிநகர் இன்று தேவப்ரயாகை என வழங்குகிறது. டேராடூனின் ஜாலி கிராண்ட் விமான நிலையத்தில் இறங்கினால் சுமார் 90 கி.மீ. வாடகைக் காரையும் மலைப்பாதையில் பழகிய ஓட்டுநரையும் முன்னதாகவே அமர்த்திக்கொள்வது நலம். ரிஷிகேசத்திற்கு அப்பால் வளைவுகள் மிகுதி. பள்ளத்தில் கங்கை கூடவே வருவாள். தலைசுற்றல் உள்ளோர் முன்னிருக்கையில் அமரலாம். மழைக்காலத்தில் மண் சரிவதுண்டு. பொழுது சாய்ந்தபின் புறப்படுமாறு ஓட்டுநரை வற்புறுத்துதல் தகாது.

வண்டி சாலையோடு நின்றுவிடும். அதன்பின் தொங்குபாலம், செங்குத்தான படிகள். காரில் வந்ததால் மிஞ்சிய தெம்பெல்லாம் முழங்கால் தளர்ந்தோர்க்கு இங்கேதான் வேண்டியிருக்கும். ரகுநாதர் சந்நிதிக்கும் படியேறியே செல்ல வேண்டும்.

ஆரவாரித்து வரும் பாகீரதியை மாமியார் என்றும், அடங்கி வரும் அளகநந்தையை மருமகள் என்றும் அவ்வூரார் சொல்வர். இரண்டும் கூடிய இடத்திலிருந்தே கங்கை என்னும் பெயர். நீரின் வேகம் கடுமையாதலால் இரும்புச் சங்கிலியைப் பற்றிக்கொண்டே நீராட வேண்டும். இறங்க இயலாதோர் சாலையோரத்தில் நின்றே சங்கமத்தைச் சேவிக்கலாம். இறங்கியவர்கள் சொம்பில் கொண்டுவரும் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளலாம்.