பாயின்ட் கணக்கில் அடங்காத இரைச்சல்

தொழிற்சாலையில் இரைச்சலை அளந்து பார்க்கலாம் என்று முடிவானதும் நிர்வாகம் முதலில் கேட்பது, “ஒரு பாயின்ட்டுக்கு எவ்வளவு?” என்றுதான். பாயின்ட் என்றால் மீட்டரை வைத்து அளக்கும் ஓர் இடம். ஆய்வகங்களும் அதற்கேற்றபடியே கொட்டேஷன் அனுப்புகின்றன: இத்தனை பாயின்ட், பாயின்ட்டுக்கு இவ்வளவு, போக்குவரத்து தனி, வரி தனி. மூன்று கொட்டேஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது மலிவு என்று நொடியில் தெரிந்துவிடும். கொள்முதல் பிரிவுக்கு அது வசதி. ஆனால் இரைச்சல் கெடுப்பது ஆளின் காதை. கம்ப்ரசர் அறையில் மீட்டர் 98 டெசிபல் காட்டலாம். அந்த அறைக்குள் ஒரு நாளில் யார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று தெரியாதவரை அந்த எண்ணை வைத்து யாருடைய காதைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வெளிப்படையாகச் சொல்லவேண்டியது இது: இரைச்சல் ஆய்வின் நியாயமான விலை ஆலையின் பரப்பையோ இயந்திரங்களின் எண்ணிக்கையையோ பொறுத்ததில்லை. அங்கே உழைப்பவரின் ஒரு நாள் எவ்வளவு மாறி மாறிப் போகிறது என்பதைப் பொறுத்தது.

குமாரபாளையத்திலோ சோமனூரிலோ நாடா ஓடும் பழைய விசைத்தறிக் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 95 டெசிபலைத் தாண்டும் சத்தம் அங்கே வழக்கமானது. ஆனால் ஷிப்ட் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அதே தறிகள், அதே வேகம், அதே ஆள், அதே சந்து. நாலைந்து இடங்களில் சில நிமிடங்கள் அளந்தாலே முழுநாளின் கணக்கு ஏறக்குறைய கைக்கு வந்துவிடும். அடுத்து, கோவையில் பம்ப் உதிரிகளை வார்க்கும் சிறிய ஃபவுண்டரி. மோல்டிங் பகுதி சற்று அமைதியாக இருக்கும். அச்சுப்பெட்டியை உதறி வார்ப்பை வெளியே எடுக்கும் நேரத்தில் கூடமே அதிரும். பிசிறு தேய்க்கும் கிரைண்டருக்கு ஒரு சத்தம். இடுக்கில் ஒட்டிய மணலைக் காற்றடித்து ஊதும்போது இன்னொரு சத்தம். ஒரே தொழிலாளி ஒரே ஷிப்டில் இந்த நான்கையும் செய்வார், நாளைக்கு வேறு வார்ப்பு வந்தால் நேரக் கணக்கு மாறிவிடும். தறிக்கூடம் சத்தத்தில் பெரியதாக இருந்தாலும் அதை அளப்பது எளிய வேலை. ஃபவுண்டரியில் பன்னிரண்டு பேரே இருந்தாலும் ஆய்வாளர் கூடவே நின்று பார்க்க வேண்டும். பாயின்ட் கணக்கு இரண்டுக்கும் ஒரே விலையைப் போடுகிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு போதும். அந்த ஃபவுண்டரியில் ஒருவர் ஏழு மணி நேரம் 84 டெசிபலில் வேலை செய்கிறார், ஒரு மணி நேரம் 100 டெசிபலில் காற்றடிக்கிறார். டெசிபல் மடக்கை அளவு என்பதால் சாதாரணச் சராசரி இங்கே செல்லாது; ஒலி ஆற்றலைக் கூட்டி எட்டு மணி நேரத்துக்குப் பங்கிட வேண்டும். அப்படிப் பங்கிட்டால் அவருடைய நாள் 91.7 டெசிபலுக்கு வந்து நிற்கும். ஏழு மணி நேரமும் சேர்ந்து கொடுக்கும் ஆற்றலைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகமானதை அந்த ஒரு மணி நேரமே கொடுத்துவிடுகிறது. பாயின்ட் கணக்கில் வந்த ஆய்வாளர் கூடம் முழுக்க நடந்து பத்து இடங்களில் 84 என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். காற்றடிக்கும் நேரத்தில் அவர் அங்கே இருந்தாரா என்பது தற்செயல். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் சரியாகவே இருக்கும். அந்தத் தொழிலாளியைப் பற்றி அறிக்கை சொல்லும் முடிவு மட்டும் தவறாக இருக்கும்.

சட்டத்தில் சொன்னதை அளந்தால் போதாதா என்ற கேள்வி இங்கே எழும். இந்திய மாநிலங்களின் தொழிற்சாலை விதிகள் பின்பற்றிவந்த அட்டவணையில் 90 டெசிபலுக்கு எட்டு மணி, 95க்கு நான்கு மணி, 100க்கு இரண்டு மணி. 115க்கு மேல் காப்பில்லாமல் நிற்கவே கூடாது. ஐந்து டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும் கணக்கு இது. மேலே சொன்ன தொழிலாளிக்கு இதைப் பொருத்தினால் 84இல் கழிந்த ஏழு மணி நேரம் கணக்கிலேயே சேராது. 100இல் கழிந்த ஒரு மணி, அனுமதித்த அளவில் சரிபாதி. அதாவது தேர்ச்சி. ஆற்றலோ மூன்று டெசிபலுக்கே இரட்டிப்பாகிறது. அதையே அடிப்படையாகக் கொண்டு, எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்ற எல்லையை அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் 1998இல் பரிந்துரைத்தது. அந்த அளவுகோலில் இதே ஆள் எல்லையைப்போல நான்கரை மடங்குக்கும் மேல் பெறுகிறார். ஒரே நாள், ஒரே காது, இரண்டு தீர்ப்பு. சட்ட அட்டவணையை மட்டும் நிறைவேற்றும் அறிக்கை இன்ஸ்பெக்டரின் கேள்விக்குப் பதில் சொல்லும். செவித்திறன் இழப்பை அது தடுக்காது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் அதற்கு இடம் இருந்தது. எனவே வேலையை ஒப்படைக்கும் கடிதத்திலேயே இரண்டு கணக்கும் வேண்டும் என்று எழுதிவிடுவது நல்லது. அளப்பது ஒருமுறைதான், இரண்டாவது கணக்குக்குக் கூடுதல் செலவு அநேகமாக இல்லை.

அப்படியானால் எதற்குப் பணம் கொடுக்கிறோம்? நேரத்துக்கு. பணியிட இரைச்சலை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 9612 தரநிலை இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. ஒரேவிதமான வேலை செய்பவர்களை ஒரு குழுவாகப் பிரித்து அளக்கும் முறையில், ஐந்து பேர் வரை உள்ள குழுவுக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம், பதினைந்து பேருக்குப் பத்து மணி நேரம், நாற்பது பேருக்குப் பதினாறேகால் மணி நேரம் அளக்க வேண்டும். நாற்பது பேரும் உண்மையிலேயே ஒரே வேலை செய்தால் பதினாறேகால் மணியில் முடியும். ஐந்து ஐந்து பேராக எட்டுவித வேலை என்றால் நாற்பது மணி நேரம் ஆகும். குழுவைப் பிரிப்பதில்தான் செலவின் கணிசமான பகுதி நிற்கிறது, அதற்குத் தேவையான தகவல் ஆலையிடமே இருக்கிறது. யார் எந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்கிறார், எந்த நாளில் எந்த இயந்திரம் ஓடும், பராமரிப்பும் துப்புரவும் எப்போது நடக்கும் என்று சூப்பர்வைசரும் தொழிலாளர்களும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் ஆய்வாளரின் வீண் அலைச்சல் குறையும். விலையைக் குறைப்பதற்கு நேர்மையான வழி இது.

குறைக்கக்கூடாத இடங்களும் உண்டு. மீட்டரோ தோளில் பொருத்தும் டோசிமீட்டரோ தரநிலைக்கு உட்பட்டதாக, செல்லுபடியாகும் அளவுத்திருத்தச் சான்றோடு இருக்க வேண்டும். அளப்பதற்கு முன்னும் பின்னும் களத்திலேயே சரிபார்த்து, இரண்டுக்கும் அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த வரிசை முழுவதையும் தள்ளிவிட வேண்டும். அப்படித் தள்ளினால் மறுபடி வரவேண்டும் என்பதால், மிகக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டவருக்கு அந்தச் சரிபார்ப்பு சுமையாகிவிடும். அலைவெண் வாரியாகப் பகுத்துப் பார்ப்பது வேறு விஷயம். தடுப்பு வேலையில் இறங்கும் எண்ணம் இருக்கும் இயந்திரங்களுக்கு அது அவசியம். மற்றவற்றுக்கு அறிக்கையின் பக்கங்களைத்தான் கூட்டும்.

பத்துத் தறி வைத்திருப்பவரிடம் இவ்வளவும் கேட்பது நியாயமா என்று ஒருவர் கேட்டால், இல்லை என்பதுதான் பதில். அவருக்கு எளிய சோதனையே போதும். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கத்தித்தான் பேசவேண்டும் என்றால் சத்தம் 90 டெசிபலை ஒட்டி இருக்கும். இரண்டு மீட்டரில் அதே நிலை என்றால் 85ஐ ஒட்டி. நியாஷ் ஐபோனுக்கு இலவசமாக வெளியிட்டுள்ள ஒலிமானிச் செயலியும் முதல் மதிப்பீட்டுக்கு உதவும். கூடம் 95க்கு மேல் என்பது இப்படியே தெரியும்போது, அதை 97.4 என்று நிறுவச் செலவழிக்கும் பணத்தைத் தறிகளின் தேய்ந்த பாகங்களை மாற்றவும், தொழிலாளர்களின் செவித்திறனைச் சோதிக்கவும் கொடுப்பது மேல். ஆய்வு வேண்டாம் என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல்வதும் எங்கள் தொழிலின் கடமையே.

எல்லாருக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுத்துவிட்டால் அளக்கவே வேண்டாமே என்ற வாதம் இன்னும் பரவலானது. காதடைப்பான் மலிவுதான். ஆனால் 30 டெசிபல் குறைப்பதாகச் சொல்லும் ஒன்றை எட்டு மணி ஷிப்டில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தால், நாள் முழுவதற்குமான பலன் 12 டெசிபலாக இறங்கிவிடும். கோடையில் உலைக்குப் பக்கத்தில் வியர்வையோடு நிற்பவர் அதை அரை மணிகூடக் கழற்றமாட்டார் என்று நம்பித் திட்டமிட முடியாது. உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. 4000 ஹெர்ட்ஸ் அருகில் தொடங்கும் இழப்பு பேச்சைப் புரிந்துகொள்வதைத் தொடுவதற்குள் ஆண்டுகள் போயிருக்கும்.

ஆய்வின் மதிப்பு, அடுத்து எங்கே கைவைக்க வேண்டும் என்று அது காட்டுவதில் இருக்கிறது. அதே ஃபவுண்டரித் தொழிலாளிக்கே திரும்புவோம். கூடத்தின் சுவர்களிலும் கூரையிலும் ஒலியுறிஞ்சிப் பலகைகளைப் பதித்து 84ஐ 79 ஆக்கினாலும் அவருடைய நாள் 91.7இலிருந்து 91.2க்குத்தான் இறங்கும். வெறும் குழாய்முனையை எடுத்துவிட்டு இரைச்சல் குறைந்த முனையைப் பொருத்திக் காற்றடிக்கும் சத்தத்தை 100இலிருந்து 90க்குக் கொண்டுவந்தால் 85.4 ஆகிவிடும். முதலாவது பெரிய கட்டுமானச் செலவு, இரண்டாவது சில்லறைச் செலவு. எது எது என்று பாயின்ட் பட்டியல் சொல்லாது. ஆளோடு நின்று நேரத்தைக் குறித்த ஆய்வு சொல்லும். அதனால் கொட்டேஷன் கேட்கும்போது கேட்கவேண்டிய கேள்விகள் வேறு: எத்தனை குழுக்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம் அளப்பீர்கள், காற்றடிப்பது போன்ற குறுகிய வேலைகளை எப்படிப் பிடிப்பீர்கள், முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்தித் தருவீர்களா? இவற்றுக்குப் பதில் தருபவரின் விலை கூடுதலாக இருந்தாலும் அதைக் கொடுக்கலாம். பதில் இல்லாதவருக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் வீண், ஏனென்றால் அந்தத் தாளை நம்பி நிர்வாகம் அமைதியாகிவிடும், காற்றடிப்பவரின் காது நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே போகும்.