குரல் உடையும் வரை

பழமை என்று நாம் வணங்குகிற, அல்லது அதே காரணத்துக்காக வெறுக்கிற, பல விஷயங்கள் உண்மையில் அவ்வளவு பழையவை அல்ல. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் டிசம்பர் 24-ம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனை இதற்கு ஓர் உதாரணம். ஒன்பது வேத வாசகங்கள், இடையிடையே கேரல்கள். வாத்தியமில்லாமல், துணைக்குரல் இல்லாமல் ஒரு சிறுவன் முதல் கண்ணியைப் பாடுகிறான். அடுத்ததில் பாடகர் குழு சேர்கிறது. பிறகு ஆர்கனும் சபையும். கல் விசிறிகளாக விரிந்த கூரையின் கீழ் அந்த ஒற்றைக் குரல் எழும்போது, இது தலைமுறை தலைமுறையாக, யாரும் தொடங்கி வைக்காமல் நடந்துவருகிறது என்று நம்புவது சுலபம். கட்டிடம்தான் இந்த மயக்கத்தைத் தருகிறது. அதன் முதல் கல் 1446-ல் வைக்கப்பட்டது. கூரை முடிந்தது 1515-ல். ஆராதனை அதற்கு நானூறு ஆண்டுகள் பிந்தியது. முதலில் நடந்தது 1918-ல். ஒற்றைச் சிறுவன் பாடித் தொடங்கும் வழக்கம் அதற்கும் ஓராண்டு பின்னால் வந்தது. ஆராதனையின் அமைப்புகூடக் கடன்தான். 1880-ல் ட்ரூரோ நகரில், பேராலயம் கட்டி முடிக்கப்படாத நிலையில், ஒரு மரக்கொட்டகையில் பிஷப் பென்ஸன் நடத்தியதன் அமைப்பு அது.

பாட்டுகளைப் பிரித்துப் பார்த்தாலும் இதுவே கதை. 'ஹார்க் த ஹெரல்ட்' என்ற பாட்டின் மூலச் சொற்கள் சார்லஸ் வெஸ்லி 1739-ல் வெளியிட்டவை. அதன் முதல் வரியை வேறொருவர் பின்னால் மாற்றினார். மெட்டு மெண்டல்ஸனுடையது; அச்சுக் கலையின் நானூறாவது ஆண்டு விழாவுக்காக, குட்டன்பெர்கைப் போற்றி, 1840-ல் எழுதியது. தெய்வீகமான சொற்களுக்கு அந்த மெட்டு ஒத்துவராது என்று மெண்டல்ஸனே கருதினார். அவர் இறந்தபின் 1855-ல் கம்மிங்ஸ் என்ற ஆர்கன் வாத்தியக்காரர் இரண்டையும் ஒட்டவைத்தார். அச்சு இயந்திரத்துக்குப் போட்ட மெட்டில் தேவதூதர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கேரல் என்ற சொல்லே முதலில் கோவிலுக்குள் இருந்ததல்ல. கைகோத்து வட்டமாக ஆடும் ஆட்டத்துக்கு, ஒருவர் கண்ணி சொல்ல மற்றவர்கள் பல்லவி வாங்கிப் பாடியது அது. 1647-ல் பியூரிட்டன்களின் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் பண்டிகையையே ஒழித்துச் சட்டம் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிஸ் கில்பெர்ட்டும் வில்லியம் ஸாண்டிஸும், செத்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சேகரிக்கும் அவசரத்தோடு, கேரல் தொகுப்புகளை வெளியிட்டார்கள்.

'மரபுகளின் கண்டுபிடிப்பு' என்று ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் தொகுத்த நூல் 1983-ல் வந்தது. ஆதி காலத்தவை போலத் தோன்றும் சடங்குகள் பல அண்மையில் செய்யப்பட்டவை என்பது அதன் வாதம். முன்னுரையில் ஹாப்ஸ்பாம் இந்தக் கிங்ஸ் கல்லூரி ஆராதனையையே ஓர் எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறார். ஒரு கல்லூரியின் உள்ளூர் வழக்கம் வானொலியால் பொதுச் சொத்தானது என்கிறார். அவர் அதே கல்லூரியில் படித்தவர். அவர் சொன்னது சரி. 1928 முதல், 1930 நீங்கலாக, ஒவ்வோர் ஆண்டும் பி.பி.ஸி. அதை ஒலிபரப்பி வந்திருக்கிறது.

நம்முடைய விவாதங்கள் வழக்கமாக இங்கே முடிந்துவிடும். ஒன்று செய்யப்பட்டது என்று நிரூபித்துவிட்டால் அது பொய் என்றும் நிரூபித்துவிட்டதாக ஒரு சாரார் திருப்தியடைவார்கள். மறுசாரார் இன்னும் பழைய சான்று ஒன்றைத் தேடிக் கிளம்புவார்கள். இரண்டு பேருக்கும் அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான்: வயதுதான் மதிப்பு. யார் செய்தார்கள், எந்த நெருக்கடியில் செய்தார்கள் என்ற கேள்வி இருவருக்கும் இல்லை.

இதைச் செய்தவர் எரிக் மில்னர்-வைட். போர்முனையில் ராணுவப் பாதிரியாக இருந்து, 1918-ல் தம் முப்பத்துநாலாவது வயதில் கல்லூரித் தேவாலயத்துக்கு டீனாகத் திரும்பியவர். அந்தப் போரில் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் 200-க்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். தேவாலயத்தின் பக்கத்து அறை ஒன்றில் அவர்கள் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ரூபர்ட் புரூக் என்ற கவியின் பெயரும் ஒன்று. இன்னொரு கவியின் பெயரும் அங்கே உண்டு: ஃபெரென்ஸ் பேகாஷி. ஹங்கேரிக்காரர்; கிங்ஸில் படித்தவர்; 1915 ஜூனில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில், அதாவது எதிரியின் படையில், போரிட்டுச் செத்தவர். அவர் பெயர் மற்றப் பெயர்களோடு சேராமல் தனியே பொறிக்கப்பட்டிருக்கிறது. சேர்த்துக்கொள்ளவும் மனமில்லை, விட்டுவிடவும் மனமில்லை. பொறித்தவர்களின் இந்தத் தடுமாற்றம் எனக்கு எந்த வீர வணக்கத்தையும்விட நாணயமானதாகப் படுகிறது.

போர் நிறுத்தம் வந்து ஆறு வாரம் சற்றே கடந்திருந்த ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அது. வழக்கமான வழிபாடு அந்தச் சபைக்குப் போதாது என்று மில்னர்-வைட் கண்டார். பிரசங்கம் வைக்கவில்லை. வாசகம், பாட்டு, ஆரம்பத்தில் ஒரு வேண்டுதல். அந்த வேண்டுதலில் ஏழைகளும் நோயாளிகளும் வருகிறார்கள். இறந்துபோனவர்களையும் அன்றைய மகிழ்ச்சியில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்ளும் ஓரிடம் வருகிறது. 1918-ல் அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது யாரைக் குறித்தது என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு, 1919-ல், மரபு என்பது பரம்பரைச் சொத்தாகக் கைக்கு வருவதில்லை, பாடுபட்டுப் பெறவேண்டியது என்று எலியட் தம் புகழ்பெற்ற கட்டுரையில் வாதிட்டார். இருவருக்கும் தொடர்பு எதுவும் நான் கற்பிக்கவில்லை. அறுந்துபோன ஒன்றை எப்படித் தொடர்வது என்பது அந்தச் சில ஆண்டுகளின் பொதுவான கேள்வி. ஒருவர் கட்டுரை எழுதினார். மற்றவர் ஒரு நிகழ்ச்சி நிரலை எழுதினார்.

பாடகர் குழுக்கள் பாடும் கேரல்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கவென்ட்ரி கேரல். கவென்ட்ரி நகரில் துணி கத்தரிப்பவர்களும் தையல்காரர்களும் சேர்ந்த தொழிற்சங்கத்தார் நடத்திய தெருநாடகத்தில் வரும் பாட்டு அது. ஏரோதின் சேவகர்கள் குழந்தைகளைக் கொல்ல வந்துகொண்டிருக்கிறார்கள். தாய்மார்கள் குழந்தைகளைத் தூங்கவைக்கிறார்கள். அழுதால் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் தூங்கு. தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே மூச்சில் நிற்கும் பாட்டு. நமக்கு அந்நியமானதே அல்ல. 1534-ல் ராபர்ட் க்ரூ என்பவர் எழுதிவைத்த நாடகப் பிரதி, 1879-ல் பர்மிங்ஹாம் நூலகம் எரிந்தபோது சாம்பலானது. அதற்கு முன்பே தாமஸ் ஷார்ப் என்பவர் அச்சிட்டிருந்ததால் பாட்டு பிழைத்தது. மைனரில் நகரும் அந்த மெட்டு, முடிவில் ஒரே ஒரு ஸ்வரம் உயர்ந்து மேஜரில் போய் நிற்கிறது. ஆறுதலா, குழந்தை தூங்கிவிட்டதா, இல்லை எல்லாம் முடிந்துவிட்டதா என்று அந்த ஸ்வரம் சொல்வதில்லை. 1940 நவம்பரில் ஜெர்மானியக் குண்டுகள் கவென்ட்ரி பேராலயத்தை இடித்தன. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் அன்று அந்த இடிபாடுகளிலிருந்து இந்தப் பாட்டு வானொலியில் ஒலித்தது. அந்தப் போர்க்காலத்தில் கிங்ஸ் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளும் கழற்றி ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. ஒலிபரப்பில் எந்த இடத்திலிருந்து பாட்டு வருகிறது என்று சொல்லப்படவில்லை.

ஒரு முரணையும் சொல்லிவிட வேண்டும். தாய்மார்களின் இந்தப் பாட்டைத் தெருநாடகத்தில் பாடியவர்கள் சங்கத்து ஆண்கள். கிங்ஸ் குழுவில் பாடி வந்தவர்களும் சிறுவர்களும் ஆண்களும்தான். 1972-ல் கல்லூரி மாணவிகளைச் சேர்த்துக்கொண்ட பின்னும் பல பத்தாண்டுகள் இந்தக் குழு ஆண்குரல்களாலேயே ஆனதாக இருந்தது. எந்த மரபும் யாரையோ வாசலில் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே அழகாக இருக்கிறது. இதை மறந்து சிறுவர் குரலின் தூய்மையைப் பற்றி உருகுகிறவர்களோடு நான் இல்லை.

அந்தக் குரலைப் பற்றி எனக்குத் தெரியவந்தது ஒரு புத்தகத்திலிருந்து அல்ல. எழுபதுகளில் நான் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தம் கோயில் பாடகர் குழுவில் டெனர். எனக்குக் கோயிலும் இல்லை, சபையும் இல்லை. கேம்பிரிட்ஜில் பிற்பகல் மூன்று என்றால் இங்கே இரவு எட்டரை. அந்த நேரத்துக்கு அவருடைய மர்பி ரேடியோ முன் போய் உட்காருவேன். சிற்றலை ஏறி இறங்கும்; நடுவில் வேறொரு பாஷையில் யாரோ செய்தி வாசிப்பார்கள்; அதற்குப் பின்னாலிருந்து பையனின் குரல் மிதந்து வரும். ஒரு முறை அவர், கண்ணைத் திறக்காமலே, "எனக்கும் இப்படி ஒரு தொண்டை இருந்துச்சு தம்பி. பதிமூணு வயசுல போயிட்டு" என்றார்.

"வருத்தமா இருந்ததா சார்?"

"வருத்தப்பட எங்க நேரம்? அடுத்த ஞாயித்துக்கிழமையே பக்கத்துல நின்ன பய அதப் பாடிட்டாம்லா."

பாடகர் குழு என்ற அமைப்பின் ரகசியம் முழுவதும் இந்தப் பதிலில் இருக்கிறது. கிங்ஸில் சிறுவர்கள் பதினாறு பேர். கல்லூரியை நிறுவிய ஆறாம் ஹென்றி விதித்த எண்ணிக்கை அது. ஒரு சிறுவனின் குரல் பழுத்து, ஸ்வரம் பிசகாமல், தன்னம்பிக்கையோடு நிற்கும் காலம் இரண்டு மூன்று வருஷம். அந்த உச்சத்திலேயே அது உடைகிறது. மற்ற குரல்கள் கல்லூரி மாணவர்களுடையவை. படிப்பு முடிந்ததும் அவர்களும் போய்விடுவார்கள். ஆகவே அங்கே பாடுகிற ஒவ்வொரு தொண்டையும் தற்காலிகமானது. கிங்ஸின் ஒலி என்று இசைத்தட்டுகளில் உலகம் அடையாளம் கண்டுகொள்கிற ஒன்று, யாரிடமும் தங்காத ஒன்று. கட்டிடத்தின் நீண்ட எதிரொலியும், வரிசையாக வந்த இசை நடத்துனர்களும்தான் அதற்கு நிலையான உறுப்புகள். ஆராதனை தொடங்கியபோது இருந்த மான் முதல், போரிஸ் ஆர்ட், வில்காக்ஸ், லெட்ஜர், கிளியோபரி, 2019-ல் வந்த டேனியல் ஹைட் வரை, நூறாண்டுக்கு ஆறே பேர்.

கிளியோபரி காலத்தில் முதல் கண்ணியைச் சிறுவர்கள் பலர் தயாரித்து வைத்திருப்பார்கள். யார் பாடப்போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரியும் தறுவாயில் அவர் ஒருவனை நோக்கிக் கையைக் காட்டுவார். பயம் முற்ற நேரம் கொடுக்காதிருக்கும் தந்திரம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அதற்கும் மேலே ஒன்று தோன்றுகிறது. அந்தப் பாட்டு ஒருவனுடையது அல்ல, எல்லோரும் தயாராக இருக்க வேண்டும், ஒருவன் பாடுவான், மற்றவர்கள் பாடாத அந்தக் கண்ணியைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பாளையங்கோட்டை வாத்தியார் சொன்ன 'பக்கத்துல நின்ன பய' இவர்கள்தான்.

நம்பிக்கை இல்லாதவன் இதைக் கேட்பதில் என்ன நியாயம் என்று கேட்கலாம். வெறும் இசையாகக் கேட்கிறேன் என்பது தப்பித்தல். அந்தப் பாட்டுகள் எதைப் பற்றியவையோ அதை மறுத்துவிட்டு இனிப்பை மட்டும் நக்குவது. போரிஸ் ஆர்ட் பிரசுரித்த இசைப்படைப்பு ஒன்றே ஒன்று. பதினைந்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியிலுள்ள, ஆதாமின் கட்டைப் பற்றிய ஒரு சிறு கவிதைக்கு அவர் அமைத்த இசை. பாட ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆதாம் அந்தப் பழத்தைத் தின்றிராவிட்டால் மரியாள் விண்ணரசி ஆகியிருக்கமாட்டாள், ஆகவே பழம் பறிக்கப்பட்ட நேரம் வாழ்க என்பது அதன் தர்க்கம். யோசித்தால் எனக்கு இது ஏற்கத்தக்கதல்ல. ஒரு குற்றத்துக்குப் பின்னால் வந்த நன்மையைக் காட்டிக் குற்றத்தை வாழ்த்துவதில் ஆபத்து இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அதை ஏற்ற ஒரு மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் உள்ளிருந்து அறிகிறேன். கவிதையிடம் நாம் கேட்பதும் அதுதானே. கம்பனைப் படிக்க வைஷ்ணவனாக வேண்டியதில்லை. ஆனால் வைஷ்ணவம் அங்கே இல்லாததுபோல் படித்தால் கம்பனும் இருக்கமாட்டான்.

1983 முதல் கிளியோபரி ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதுக் கேரலை எழுதச் சொல்லிப் பாடவைத்தார். 1985-ல் ஜூடித் வியர், 1990-ல் ஆர்வோ பெர்ட். பெர்ட் எழுதியது ஸ்லாவ் மொழியில், கீழைத் திருச்சபையின் ஜபம் ஒன்றுக்கு. முந்தின ஆண்டுதான் பெர்லின் சுவர் விழுந்திருந்தது. பழைய சட்டகத்துக்குள் புதியது வந்தால் சட்டகம் கெடும் என்று முணுமுணுத்தவர்களுக்கு, சட்டகமே 1918-ன் புதுமை என்பது நினைவில்லை.

2020-ல் தொற்றுநோயின் காரணமாகச் சபை இல்லாமல், முன்கூட்டியே பதிவுசெய்து, அந்த ஆராதனை ஒலிபரப்பானது. இருக்கைகள் காலி. சிறுவன் பாடினான், பாட்டு கூரைவரை போய்த் திரும்பி வந்தது. அன்று பாடிய சிறுவர்களில் பெரும்பாலோருக்கு இன்று அந்தக் குரல் இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.