பினாங்கு: நம் பாட்டனார்கள் இறங்கிய துறை

‘சபுர்’ என்னும் சொல் உங்கள் இல்லத்தில் வழக்கில் உள்ளதா? காயல்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் பிறந்தவர்களாயின், உங்கள் பாட்டிமார் அச்சொல்லைப் பெருமூச்சுடன் உச்சரிக்கக் கேட்டிருப்பீர்கள். பயணம் எனப் பொருள்படும் ‘ஸஃபர்’ என்ற அரபுச் சொல்லே நம்மவர் நாவில் சபுராயிற்று. கடல் கடந்து பொருள் தேடப் போனவர் சபுராளி. அத்தகைய சபுராளிகள் தலைமுறை தலைமுறையாகச் சென்று இறங்கிய துறைமுகங்களுள் முதன்மையானது, மலேசியாவின் பினாங்கு.

என் தாயாரின் தந்தை அங்கேதான் மவுத்தானார். நான் மலேசியா புறப்பட்டபோது உம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “வாப்பாவின் கபுறுக்குப் போய் ஒரு யாசீன் ஓதிவிட்டு வா.”

கடல் வழியே செல்லுங்கள்

பினாங்கு ஒரு தீவு. ‘பினாங்’ என்றால் மலாய் மொழியில் பாக்கு. அதன் தலைநகர் ஜார்ஜ் டவுன். 1985ல் திறக்கப்பட்ட பாலமும், 2014ல் திறக்கப்பட்ட மற்றொரு பாலமும் தீவை நிலப்பகுதியோடு இணைக்கின்றன. ஆயினும் நீங்கள் செல்வதாயின், கோலாலம்பூரிலிருந்து இரயிலில் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து படகில் கடந்து செல்லுங்கள். ஏறத்தாழக் கால் மணி நேரப் பயணந்தான். பசுமையான மலையும், அதன் அடிவாரத்தில் வெண்ணிறக் கட்டடங்களும், நீரில் கால் ஊன்றி நிற்கும் சீனர்களின் மரவீடுகளும் மெல்ல மெல்ல உங்களை நெருங்கி வரும். நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பலேறி, நாட்கணக்கில் அலைக்கழிந்து வந்த நம் பெரியவர்கள் முதலில் கண்ட காட்சியும் இந்த மலையே. 1926ல் கட்டப்பட்ட அக்கப்பல் 1973 வரை ஓடியது.

ஒரே வீதியில் பல வழிபாடுகள்

1786ல் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் இத்தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றினார். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற செய்தி பரவியதும் சீனர், அரபியர், ஆச்சே நாட்டவர், நம் சோழமண்டலக் கரையோர் யாவரும் வந்து குவிந்தனர். தமிழ் முஸ்லிம்களை அந்நாளில் ‘சூலியா’ என்றழைத்தனர். அவர்கள் பெயர் தாங்கிய சூலியா வீதி இன்றும் நகரின் நடுவே நீண்டு கிடக்கிறது.

அதனருகே கம்பீரமாக நிற்கிறது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவர் எனக் கூறப்படும் மர்ஹூம் காதர் முகைதீன், நம்மவரின் தலைவராகக் ‘கப்பித்தான்’ பட்டம் பெற்றவர். அவர் 1801ல், கம்பெனி வழங்கிய 18 ஏக்கர் நிலத்தில் இப்பள்ளியை நிறுவினார். ‘கெலிங்’ என்பது கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகக் கூறுவர். இந்தியரைக் குறித்த அச்சொல் பிற்காலத்தில் இழிசொல்லாக மாறிப்போனது. பள்ளியின் பெயரிலோ அது பழைய மதிப்புடனேயே நிலைத்திருக்கிறது.

நான் அஸர் தொழுகைக்குச் சென்றேன். உயர்ந்த வளைவுகளின் கீழே குளிர்ந்த தரை. வெளியே வெயில் தகிக்க, உள்ளே கடற்காற்று தவழ்ந்தது. இதே வீதியில் சீனரின் கருணைத் தேவி ஆலயமும், முனையில் 1818ல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயமும், பக்கத்துத் தெருவில் மாரியம்மன் கோவிலும் உள்ளன. இருநூறாண்டுக் காலமாக ஒருவர் வழிபாடு மற்றவர்க்கு இடையூறாகாமல் வாழும் பாங்கை நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

நாகூர் ஆண்டகையின் நினைவாக நம்மவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய சிறு கட்டடமும் சூலியா வீதியில் இருக்கிறது. பிறந்த ஊரின் நினைவையும் அவர்கள் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தார்கள் போலும்! சற்றுத் தள்ளி ஆச்சே வீதியில் 1808ல் சையிது ஹுசைன் கட்டிய பள்ளிவாசல். ஹஜ் பயணம் கப்பலில் நடந்த காலத்தில் சுற்றுநாட்டு ஹாஜிகள் இங்கேதான் கூடித் தங்குவர். அதனால் ‘இரண்டாம் ஜித்தா’ என்ற சிறப்பும் இவ்வீதிக்கு உண்டு.

மொழியும் சோறும்

இங்கு மலாய் மொழி உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. கப்பல் அங்கே ‘காப்பால்’; கடை ‘கெடாய்’; பெட்டி ‘பெத்தி’; கட்டில் ‘காத்தில்’. நாகூர் குலாம் காதிறு நாவலர் 1880களில் பினாங்கில் தங்கித் தமிழ் இதழ் நடத்தியதும் நாம் மறக்கலாகாத செய்தி.

பசிக்கிறதா? ‘நாசி கண்டார்’ உண்ணுங்கள். நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித்தடி. ஒருபுறம் சோற்றுப் பானையும் மறுபுறம் குழம்புப் பானையும் தொங்க, நம் ஏழைச் சகோதரர்கள் துறைமுகத் தொழிலாளர்க்குக் கூவி விற்ற உணவு அது. இன்று மலாய்க்காரரும் சீனரும் வரிசையில் நின்று வாங்குகின்றனர். பல குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாய் ஊற்றித் தருவதே அதன் சுவை.

யுனெஸ்கோ நிறுவனம் 2008ல் இந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் அதற்கு முன்பே, பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டில் முடிவுற்றபோது, நகரின் நடுவே வாழ்ந்த எளிய குடும்பங்கள் பல வாடகை தாளாமல் வெளியேறின. சுவர்கள் காக்கப்பட்டன, அவற்றுள் வாழ்ந்தோர் சிதறினர்.

கிடைக்காத கபுறு

மறுநாள் காலை மையவாடிக்குச் சென்றேன். உம்மா தந்த பழைய கடிதத்தில் பாட்டனாரின் பெயரும், மவுத்தான ஆண்டும் மட்டுமே இருந்தன. நெடுநேரம் தேடினேன். எழுத்து அழிந்த மீசான் கற்கள். கல்லே இல்லாத மண்மேடுகள். அங்கிருந்த முதியவர் தமிழிலேயே கேட்டார்: “யாரைத் தம்பி தேடுறீங்க?” விவரம் சொன்னதும் மெல்லத் தலையசைத்தார். “இப்படித் தேடி நிறையப் பேர் வர்றாங்க. கல் வைக்க ஆளில்லாமப் போனவங்கதான் இங்கே அதிகம். எல்லாருக்குமா ஓதிட்டுப் போங்க.”

அவ்வாறே செய்தேன். அனைவருக்கும் ஸலாம் உரைத்து, யாசீன் ஓதி, துஆச் செய்தேன். அப்போது என் கண்முன் நின்றவர் பாட்டனார் அல்லர். அவர் அனுப்பும் காசுக்கும் கடிதத்திற்கும் காத்திருந்து, கணவரோடு வாழ்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணக்கூடிய என் பாட்டியார். சபுராளிகளின் உழைப்பால் நம் ஊர்களில் மாடிவீடுகள் உயர்ந்தன. அவ்வீடுகளின் உள்ளே வளர்ந்த தனிமையை எவரும் கணக்கெழுதவில்லை.

ஊர் திரும்பி உண்மையைச் சொன்னேன். உம்மா சிறிது நேரம் மௌனமாக இருந்தார்கள். பிறகு, “எல்லாருக்கும் ஓதினாய் அல்லவா? அவர்களில் என் வாப்பாவும் இருப்பார்கள், அல்ஹம்துலில்லாஹ்” என்றார்கள்.

வாசகர்களே! உங்கள் இல்லத்துப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். சபுர் சென்றவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் அடங்கினார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் பேரப்பிள்ளை அக்கரைக்குச் செல்லும் நாளில், தேட வேண்டிய கபுறின் அடையாளமாவது அவன் கையில் இருக்கும்.