தண்ணீர்மலைக்குப் போன வழி



போன ஞாயிறு கோயில்ல அன்னதானத்துக்கு வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தப்போ ஒரு தம்பி கேட்டாரு. "அண்ணே, தைப்பூசத்துக்கு பினாங்கு போறோம். ரயில்ல போயி அங்கே காடி வாடகைக்கு எடுத்துக்கலாமா?" எடுக்கலாம் தம்பி. ஆனா நான் எடுத்த கதையை முதல்ல கேட்டுட்டுப் போங்க. அன்னைக்குப் பாதிதான் சொன்னேன், அதுக்குள்ள சோறு வெந்துருச்சு. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுறேன்.

எனக்கு ஏழு வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சாம். அப்போ நாங்க பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தோம். ஊர் பேரை 2007-ல பெஸ்தாரி ஜெயான்னு மாத்திட்டாங்க, ஆனா எங்க அம்மாவுக்கு இன்னைக்கும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். காய்ச்சல் இறங்கலை. லயத்து வாசல்ல உட்கார்ந்து அம்மா வேண்டிக்கிட்டாங்க, பிள்ளை பிழைச்சா தண்ணீர்மலை முருகனுக்கு மொட்டை போடுறேன்னு. நான் பிழைச்சேன். 1976-ல அப்பா என்னைக் கூட்டிக்கிட்டுப் போயி மொட்டை போட்டுட்டு வந்தாரு. அம்மா வரலை. கையில இருந்த காசு ரெண்டு பேருக்குத்தான் பஸ்ஸுக்குக் காணும், மரம் வெட்டவும் ஆள் வேணும். வேண்டிக்கிட்டவங்க லயத்துல, வேண்டுதல் பினாங்குல. அப்பா இருக்கிற வரைக்கும் ஃபெரி ஏறின கதை, படி ஏறின கதை எல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பாரு. அம்மா கேட்டுக்கிட்டே இருப்பாங்க. ஒரு நாளும் "நானும் வர்றேன்"னு வாய் திறந்து சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அது என் தப்பு.

2023 கார்த்திகை மாசம் அம்மா தானா சொன்னாங்க: "அந்த மலையை ஒரு தடவை பார்த்துடணும்யா." அம்மாவுக்கு வயசு எண்பதுக்கு மேல. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா விட ஆரம்பிச்சிருச்சு. உடனே லீவு போட்டேன்.

முழங்கால் வலியோட அவ்வளவு தூரம் காடியில உட்கார முடியாதுன்னு, சுங்கை பூலோ ஸ்டேஷன்ல என் காடியை விட்டுட்டு ரயில் ஏறினோம். நான், வீட்டுக்காரி, அம்மா. பட்டர்வொர்த்ல இறங்கி ஃபெரி. இப்போ ஓடுற ஃபெரியில காடி ஏத்த மாட்டாங்க, ஆளும் மோட்டார் சைக்கிளும்தான். அதனால ஜெட்டி பக்கத்துலயே ஒரு காடி வாடகைக்குப் பேசி வெச்சிருந்தேன். வாங்கும்போது சுத்தி நின்னு கீறல் எல்லாத்தையும் படம் எடுத்தேன், எண்ணெய் முள்ளையும் படம் எடுத்தேன். பினாங்குல பார்க்கிங் கட்ட தனி ஆப், அதையும் இறக்கிட்டேன். தம்பி, இது மூணையும் நீங்களும் செய்யுங்க. எல்லாம் ரெடின்னு ஒரு திமிர் எனக்கு. தொழிற்சாலையில இருபது வருஷமா சூப்பர்வைசர். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான் சொல்ற முதல் வார்த்தை, "தெரியலைன்னா கேளு, தெரிஞ்ச மாதிரி கை வைக்காதே."

போன்ல பேர் போட்டேன். ஜாலான் கெபுன் பூங்கான்னு காட்டுச்சு. தண்ணீர்மலைன்னு எங்கேயும் இல்லை. "ஏங்க, யாரையாச்சும் கேட்டுடலாமா?"ன்னா வீட்டுக்காரி. "அதான் வேஸ் சொல்லுதே"ன்னேன்.

ஜோர்ஜ்டவுன் ரோடு நம்ம கோலசிலாங்கூர் மாதிரி இல்லை. பாதி ரோடு ஒருவழி. பெங்காலான் வெல்ட்ல கடலை ஒட்டியே வர்றேன், வலது பக்கம் திரும்புன்னு வேஸ் சொல்லுது, எனக்கு வலது பக்கம் பஸ். விட்டுட்டேன். அடுத்த நிமிஷம் ரோடு அகலமாயிருச்சு, ஹைவே. பழைய ஜெலுத்தோங் எக்ஸ்பிரஸ்வே, இப்போ துன் டாக்டர் லிம் சோங் இயூ பேர்ல இருக்கு. இடது ஓரமாப் போறதுதான் பத்திரம்னு ஒதுங்கினேன். கொஞ்ச தூரத்துல அந்த இடது ஓரமே தனியா வளைஞ்சு மேலே ஏறுது. பின்னால லோரி. நிறுத்த முடியாது. நிமிர்ந்து பார்த்தா ரெண்டு பக்கமும் கடல்.

பினாங்கு பாலம். 13.5 கிலோமீட்டர். ஏறிட்டா நடுவுல திரும்ப வழியே கிடையாது, பிறை வரைக்கும் போயே ஆகணும். காலையில ஃபெரி ஏறி எங்கேயிருந்து வந்தோமோ அதே கரைக்குத் திரும்பப் போறேன். வீட்டுக்காரி ஒண்ணும் பேசலை. அவ பேசாம இருக்கிறது திட்டுறதை விட மோசம். பின்னால இருந்து அம்மா கேட்டாங்க:

"வீட்டுக்குப் போறோமாய்யா? சாமி பார்த்தாச்சா?"

எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு. பார்த்தாச்சுன்னு சொன்னா நம்பியிருப்பாங்க. "இல்லைம்மா, வழி தப்பிட்டேன்"னேன். "சரி சரி, மெதுவா ஓட்டு"ன்னு சொல்லிட்டு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

பிறையில சுத்தித் திரும்பி டோல் கிட்ட வந்தோம். தீவுக்கு உள்ளே போறப்போ மட்டும்தான் டோல். கார்டைத் தேடினா இல்லை. என் டச் அண்ட் கோ கார்டு சுங்கை பூலோவுல என் காடிக்குள்ள தூங்குது! பின்னால வரிசையா ஹோன். இறங்கிட்டேன். ஐம்பத்து நாலு வயசுல, எல்லாரும் பார்க்க, கைகூப்பாத குறையா நின்னேன். பின்னால இருந்த காடியில ஒரு சீனப் பெரியவர். ஒரு வார்த்தை கேட்கலை, வந்து தன் கார்டைத் தொட்டாரு, தடுப்பு திறந்துச்சு. பத்து வெள்ளி நீட்டினேன், வாங்கலை. அப்போதான் எனக்குக் கேட்கத் தோணுச்சு. கெபுன் பூங்கா எப்படிப் போறதுன்னேன். யோசிச்சாரு. "கோயிலா? ஆ, வாட்டர்ஃபால்!" பாலம் இறங்கி கிரீன் லேன் நேரா, பெரிய மசூதி தாண்டி ஸ்கோட்லன் ரோடு, அப்படியே போன்னு மலாய்ல சொன்னாரு. நாம தண்ணீர்மலைங்கிறோம், அவர் வாட்டர்ஃபால்ங்கிறாரு, போன் கெபுன் பூங்காங்குது. மலை ஒண்ணுதான்.

தோட்டத்துல யாரு வீட்டுக்குமே விலாசம் கிடையாதே. "மூணாங்கட்டை இறங்கி, கிராணி வீட்டைத் தாண்டி, கோயில் முச்சந்தியில கேளுங்க"ன்னுதான் சொல்வோம். கடைசி வார்த்தை எப்பவுமே 'கேளுங்க'தான்.

அவர் சொன்ன வழி பிசகலை. கெபுன் பூங்கா ரோட்டுல முதல்ல ஒரு முருகன் கோயில் வந்துச்சு. "இதான், நிறுத்துங்க"ன்னா வீட்டுக்காரி. அம்மா எட்டிப் பார்த்துட்டு, "இது இல்லை. உங்கப்பா படி ஏறினேன்னாரே, படி எங்கே?"ன்னாங்க. இந்தத் தடவை காடியை ஓரம் கட்டிட்டு ஓடிப் போயி ஒரு அக்காவைக் கேட்டேன். இது நாட்டுக்கோட்டை செட்டியார் கோயில், 1857-ல கட்டினது, வெள்ளி ரதம் வந்து சேர்ற இடம். மலைக்கோயில் இன்னும் கொஞ்சம் முன்னாலன்னாங்க. ரெண்டு கோயிலும் ஒரே ரோடு, ரெண்டும் தண்டாயுதபாணிதான். தம்பி, குறிச்சு வெச்சுக்குங்க. பூசத்தப்போ அந்த ரோட்டையே அடைச்சிடுவாங்க, காடியைத் தூரத்துல விட்டுட்டு நடங்க.

போய்ச் சேர்ந்தப்போ மணி ஒண்ணு தாண்டிருச்சு. உச்சிக்கால பூஜை பார்க்கக் கொடுத்து வைக்கலை. மேலே இருக்கிற கோயில் 2012-ல கும்பாபிஷேகம் ஆனது, 513 படி. அப்பா ஏறினது பழைய கோயில். அம்மா என் கையைப் பிடிச்சிக்கிட்டு பதினோரு படி ஏறினாங்க. நான் எண்ணினேன். பன்னிரண்டாவதுல உட்கார்ந்துட்டாங்க. "நீ போயிட்டு வா. உனக்குத்தானே வேண்டினேன்."

ஏறினேன். கும்பிட்டேன். விபூதியை மடிச்சுக் கொண்டு வந்து அவங்க நெத்தியில பூசினப்போ, என் தலையில கை வெச்சு முன்னாலயும் பின்னாலயும் தடவிப் பார்த்தாங்க. மொட்டைத் தலையைத் தடவுற மாதிரி. கொஞ்ச நேரம் நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன்.

சாயங்காலம் காடியை ஒரு கீறல் இல்லாம கொடுத்துட்டு ஃபெரி ஏறினோம்.

இப்போ அம்மாவுக்கு அந்தப் பயணத்துல பாதி மறந்து போச்சு. படி ஞாபகம் இருக்கு. அதை விட பாலம் நல்லா ஞாபகம் இருக்கு. வீட்டுக்கு யார் வந்தாலும், "முருகன் என்னைக் கடல் மேலே ரெண்டு தரம் ஓட்டிக் காட்டினான்"னு சொல்றாங்க. நான் வழி தப்பினேன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. மறுபடி போகணுமாம், பாலத்து வழியாத்தான் போகணுமாம்.

கார்டு இப்போ என் பர்ஸ்லயே இருக்கு.