செவிக்கு விலை என்ன?

பொருளின் தரம் பார்த்து விலை கூறுவதில் எஹலியகொட மக்களுக்கு இயல்பாகவே ஒரு பயிற்சி உண்டு. புகையூட்டி உலர்த்திய இறப்பர் ஷீட்டை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, குமிழும் தூசியும் உளவா என நோக்கி, அது முதலாந்தரமா மூன்றாந்தரமா என்று சொல்லிவிடுவார்கள். ‘இல்லம்’ என்னும் சரளை மண்ணைக் கழுவியெடுத்த நீலக்கல்லையும் பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தே மதிப்பிடுவார்கள். ஆனால், சென்ற ஆண்டு எம்மிடம் விலை கேட்டு வந்த பொருளோ வெளிச்சத்தில் பார்த்து மதிப்பிடத் தக்கதன்று. அஃது ஓர் ஒலிவாங்கி.

தோட்டத்து இளைஞர் சிலர் முதியோரின் தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்துப் பாடல்கள் ஆகியவற்றைப் பதிவு செய்து வைக்க விரும்பினர். பால்வெட்டுக் கூலியிலிருந்து குடும்பங்கள் சிறுகச் சிறுகக் கொடுத்ததும், வெளிநாடு சென்ற பிள்ளைகள் அனுப்பியதுமாக ஐந்து இலட்சம் ரூபா சேர்ந்திருந்தது. கொழும்பில் ஒலிப்பதிவுத் தொழில் செய்த எம் பழைய மாணவன் ஒருவன், கடல் கடந்து செல்லுமுன் தன் ஒலிவாங்கியை அத்தொகைக்கே தர முன்வந்தான். “வாத்தியாரையா சொன்னால் வாங்குவோம்” என்று அனைவரும் பொறுப்பை எம் தலையில் வைத்துவிட்டனர்.

அது ஜெர்மனியின் நொய்மன் நிறுவனத்தார் 1967இல் வெளியிட்ட யு 87 என்னும் வகையைச் சேர்ந்தது. எம் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக மாறியதும் அதே ஆண்டில்தான். இன்று அதனைப் புதிதாக வாங்க மூவாயிரம் அமெரிக்க டொலருக்கு மேல் வேண்டும். இத்தனை விலை எதற்கு? மேடைகளில் நாம் காணும் சாதாரண ஒலிவாங்கியில், குரல் ஒரு கம்பிச் சுருளைக் காந்தத்தின் நடுவே அசைக்கிறது. கண்டென்சர் வகையிலோ பொன்முலாம் பூசிய மிக மெல்லிய சவ்வொன்று மின்னேற்றம் பெற்ற தகட்டின் முன்னே நிற்கிறது. அமெரிக்கரான வென்ட் என்பார் 1916இல் கண்ட முறை இது. பாரமான சுருள் இல்லாமையால் மூச்சின் அசைவுக்கும் அச்சவ்வு அதிரும்.

விலை உயர்ந்தவற்றுக்குப் போலிகள் உண்டு; ஆகவே அவசரப்படவில்லை. முதலில் நிறுத்துப் பார்த்தோம். அரைக் கிலோ சரியாக இருந்தது. அடுத்து, அதனை முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் நிலையில் வைத்துப் பக்கவாட்டில் நின்று பேசினோம். குரல் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. ‘ச’கரமும் ‘ஸ’கரமும் நிறைந்த சொற்களை உரக்க வாசித்தோம், மட்டமான போலிகளில் கேட்கும் கீச்சொலி இல்லை. இறுதியாக ஒருவரும் பேசாமல் அமைதியையே பதிவு செய்தோம். கருவியின் சொந்த இரைச்சல் மிகக் குறைவு. ஈரம் ஏறினால் இவ்வகைக் கருவி படபடவென்று சத்தமிடும். மழைக்குப் பேர்போன எம் ஊரில் இதையும் கவனிக்க வேண்டுமென்று, பல நாள் வைத்திருந்து சோதித்தோம். இவ்வாறு மூன்று வாரங்கள் கழிந்தன.

கடைசி இரவில் லயத்து மூதாட்டி ஒருவரைத் தாலாட்டுப் பாடச் சொல்லி, இதனையும் ஒரு சாதாரண ஒலிவாங்கியையும் அருகருகே வைத்துப் பதிவு செய்தோம். எது எதுவென்று கூறாமல் இரண்டையும் போட்டுக் காட்டினோம். ஒன்றில் தகரக் கூரையின் மழை, தவளை, அடுத்த காம்பராவின் இருமல் அனைத்தும் இருந்தன. மற்றதில் பாட்டே பெரிதாக ஒலித்தது. “இதுதான் நல்லது, மழை கரைச்சல் இல்லை” என்று மூதாட்டி சாதாரணக் கருவியைத் தேர்ந்தார். அவர் மகளோ, “மற்றதில்தான் அம்மா மூச்சு வாங்குவது கேட்கிறது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கருவி உண்மையானது, கேட்ட விலையும் நியாயமானது. ஆயினும் அதன் முழுப் பெறுமதி, ஓசை புகாத அறையில்தான் வெளிப்படும். லயத்துக் காம்பராவில் அது கூரையின் ஓசையையே முதலில் கேட்கும். ஆதலால் சாதாரண ஒலிவாங்கிகள் இரண்டும் பதிவுக் கருவி ஒன்றும் வாங்கச் சொன்னோம். எஞ்சிய பணத்தில் பெரும்பகுதி மிஞ்சியது. அம்மாணவனும் மனம் கோணாமல், பயணத்துக்கு முன் இரண்டு இரவுகள் தன் கருவியைக் கொண்டுவந்து, கம்பளிகள் தொங்கவிட்ட மண்டபமொன்றில் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் பதிவு செய்து கொடுத்தான்.

எம் தீர்ப்பு சரியென்றே இன்றும் கருதுகிறோம். எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. காமன் கூத்துப் பாடல்களை முதலிலிருந்து முடிவு வரை அறிந்த பெரியவர் ஒருவர் தோட்டத்தில் இருந்தார். நாம் கருவியை நிறுத்தும் திருப்பியும் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது வாரத்தில் அவர் பக்கவாதத்தால் பேச்சிழந்தார். எம் சட்டைப் பையிலிருந்த கைத்தொலைபேசியிலாவது அவர் குரலைப் பதிந்திருக்கலாம். கேட்கும் செவிக்கு விலை கூறத் தெரிந்த எமக்கு, பாடும் வாய்க்குக் காலக்கெடு உண்டென்பது தெரியாமற் போயிற்று.

இப்பொழுது நாம் அவர் வீட்டிற்குச் சென்றால், அவர் தொடையில் விரலால் தாளம் போடுகிறார். அத்தாளத்தை வைத்தே அவர் பேரன் நினைவிலுள்ள அடிகளைப் பாடிப் பார்க்கிறான். பிழையாயின் விரல் நின்றுவிடும். அந்த வீட்டில் இப்பொழுது சாதாரண ஒலிவாங்கி ஒன்று எந்நேரமும் ஆயத்தமாக இருக்கிறது.