மலைப்பாதைக்கு ஒரு வண்டி

குழந்தைகுட்டிகளோடு தில்லியில் வாழும் நம்மவர் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. கல்லும் மணலும் ஓடை நீரும் குறுக்கிட்டாலும் நில்லாமல் ஏறிச் செல்லும் நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை வாங்குவதா, வாங்கினால் எதை வாங்குவது என்பதே அப்பேச்சு. எங்கள் வீட்டிலும் சென்ற ஓராண்டாக இதே விவாதம் நடந்தது. சரோஜினி நகர் அங்காடிப் பக்கம் மாலை வேளையில் சென்று வந்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். வண்டி நிறுத்த இடமில்லாத அந்த நெரிசலிலும் மலை ஏறுவதற்கென்று பிறந்த ‘தார்’ வண்டிகள் கம்பீரமாக நிற்கின்றன. தார்ப் பாலைவனத்தின் பெயரைத் தாங்கிய அவ்வண்டிகள் பெரும்பாலும் தார்ச் சாலையை விட்டு இறங்குவதேயில்லை என்பது வேறு கதை.

ஏழு வயதாகும் என் மகனுக்கு அவ்வண்டியைக் கண்டால் உணவும் வேண்டாம். என் மனைவிக்கோ ஆண்டுக்கு ஒருமுறையாவது இமயமலைப் பக்கம் சென்று வரவேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். ஆதலால் இதனை வெறும் ஆசை என்று தள்ளிவிடாமல், அலுவலகத்தில் ஒரு கோப்பைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்க்கலானேன்.

இவ்வண்டிகளின் வரலாறு நம் நாட்டிற்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பை 1947-ஆம் ஆண்டு முதல் இங்கே பூட்டித் தந்தவர்கள் மகிந்திரா நிறுவனத்தார். அந்த வழியில் வந்ததே 2010-இல் முதலில் வெளிவந்து, 2020-இல் புது வடிவு பெற்ற தார். மற்றொரு வழி ஜப்பானிலிருந்து வந்தது. சுசுகி நிறுவனத்தார் 1970-இல் ‘ஜிம்னி’ என்ற சிறு வண்டியைச் செய்தனர். அதன் நீண்ட வடிவமே 1985-இல் மாருதி ஜிப்ஸி என்ற பெயரோடு இங்கு வந்து, இராணுவத்திலும் காவல் துறையிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2019-இல் ஓய்வு பெற்றது. 2023 ஜூன் மாதம் ஐந்து கதவு கொண்ட ஜிம்னி இங்கே விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் செய்யப்படும் அவ்வண்டியை 2025 ஜனவரியில் ஜப்பானுக்கே அனுப்பி விற்கத் தொடங்கியபோது, சில நாள்களுக்குள் ஏறத்தாழ 50,000 பேர் முன்பதிவு செய்துவிட, பதிவையே நிறுத்திவைக்க நேர்ந்தது. கொள்வாரின்றி இங்கே காட்சி அறையில் காத்துக் கிடந்த வண்டிக்கு அங்கே அத்தனை மதிப்பு!

நான்கு சக்கர இயக்கம் என்றால் என்ன என்பதைச் சற்றே சொல்லிவிடுகிறேன். சாதாரண வண்டியில் எஞ்சினின் வலிமை இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும். அவை சேற்றில் சுழன்றால் வண்டி நின்றுவிடும். இவ்வண்டிகளிலோ மற்றொரு சிறு கியர் கோலைத் தள்ளினால் நான்கிற்கும் வலிமை செல்லும். இன்னும் ஒரு படி கீழே தள்ளினால் வேகம் குறைந்து இழுவை பெருகும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே எஞ்சின் வண்டியைப் பிடித்துக் கொள்ளும். அடிப்பகுதி உயரமாக இருப்பதால் கல் இடிக்காது. ஏணிபோன்ற இரும்புச் சட்டத்தின்மேல் உடல் அமர்ந்திருப்பதால் முறுக்கத்தைத் தாங்கும். இவையெல்லாம் குணங்கள். உயரமான வண்டி வளைவில் வேகமாகத் திரும்பினால் சாய்வது மிகுதி என்பதும், கெட்டியான அச்சுகள் நல்ல சாலையிலும் குலுக்கும் என்பதும் குற்றங்கள். மலை வளைவுகளில் வாந்தி எடுக்கும் மூன்று வயது மகளை வைத்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்தக் குலுக்கல் அற்பச் செய்தியன்று.

நிற்க. எங்கள் வீட்டில் விவாதம் சிக்கிக்கொண்ட இடம் எஞ்சினுமன்று, விலையுமன்று, இருக்கைகளின் எண்ணிக்கை. நாங்கள் இருவர், குழந்தைகள் இருவர், என் தாயார் ஒருவர், ஆக ஐவர். ஜிம்னியில் இருக்கைகள் நான்கே. மூன்று கதவுத் தாரிலும் நான்கே. இவ்விரண்டின் நீளமும் ஒன்றுதான், 3,985 மில்லிமீட்டர். ஜிம்னியில் பின்னிருப்பவர்களுக்குத் தனிக் கதவு உண்டு. தாரில் முன் இருக்கையை மடக்கி, அந்தச் சந்தில் நுழைந்துதான் பின்னே செல்லவேண்டும். உறங்கும் குழந்தையைத் தோளில் இட்டுக்கொண்டு அந்தச் சந்தில் நுழைந்து பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. ஜிம்னியில் பின்னிருக்கையை மடக்காமல் பொருள் வைக்கும் இடம் 208 லிட்டர்தான். குழந்தைகளின் கம்பளி உடைகளும் ஒரு வாளியும் வைத்தால் நிரம்பிவிடும்.

“நான் வீட்டில் இருந்துகொள்கிறேன், பிள்ளையார் கோயில் பக்கத்தில்தானே இருக்கிறது. நீங்கள் நால்வரும் போய்வாருங்கள்” என்று அம்மா எளிதாகச் சொல்லிவிட்டார்கள். சொன்ன குரலில் வருத்தமும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு இடமில்லை என்று தெரிந்தே ஒரு வண்டிக்குப் பத்தாண்டுக் கடன் எழுதிக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. மனைவியும் அதையே சொன்னாள். அன்றோடு நான்கு இருக்கை வண்டிகள் கணக்கிலிருந்து நீங்கின.

ஐவருக்கு எனில் தார் ராக்ஸ். 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த ஐந்து கதவு வண்டி. மோதல் சோதனையில் பாரத் என்கேப் அமைப்பார் இதற்குப் பெரியவர் பாதுகாப்பிலும் குழந்தைகள் பாதுகாப்பிலும் ஐந்து விண்மீன்கள் வழங்கினர். குழந்தைகளுக்கான மதிப்பெண் 49-க்கு 45. குழந்தை இருக்கையைக் கொக்கியில் பூட்டும் ‘ஐசோஃபிக்ஸ்’ வசதியும் பின்னிருக்கையில் உண்டு. இவ்வளவும் நிறைவே. ஆனால் வெளிவந்தபோது நான்கு சக்கர இயக்கம் டீசல் எஞ்சினோடு மட்டுமே கிடைத்தது. அதன் தொடக்க விலையும் 18.79 லட்சம் ரூபாய், பதிவுச் செலவும் காப்பீடும் நீங்கலாக. 2025 செப்டம்பரில் வரி மாறியபின் இவ்வண்டிகளின் விலை சற்று இறங்கிற்று எனினும், எழுத்தர் ஒருவரின் சம்பளத்திற்கு அது இன்னும் எட்டாத கொம்பே. ஃபோர்ஸ் கூர்க்காவின் ஐந்து கதவு வண்டியில் எழுவர் அமரலாம்; முன்னும் பின்னும் சக்கரப் பூட்டு உண்டு; 700 மில்லிமீட்டர் ஆழ நீரில் இறங்கும். அதுவும் டீசலே, 2024-இல் வந்தபோது விலை 18 லட்சம்.

டீசல் என்றதும் தில்லிவாசி நின்று யோசிக்க வேண்டும். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் இங்கே ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. பெட்ரோலுக்குப் பதினைந்து ஆண்டு என்ற வரம்போடு உச்ச நீதிமன்றம் 2018-இல் அதனை உறுதி செய்தது. 2025 ஜூலையில் பழைய வண்டிகளுக்கு எரிபொருள் ஊற்ற மறுத்து, சில நாள்களிலேயே அதைக் கைவிட்டதும் நாம் கண்டதே. அவ்வாண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை தந்து, டிசம்பரில் அதனை பி.எஸ்.-4 தரத்திற்குக் குறையாத வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. இத்தனை திருப்பங்களுக்கிடையே பத்தாண்டுக் கடனில் டீசல் வண்டி வாங்குபவர், கடன் தீரும் நாளில் வண்டி யாருடையது, எந்த ஊரில் ஓடும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஊரில் நிலமும் உறவும் உள்ளவர்கள் பிற்காலத்தில் வண்டியைத் தமிழ்நாட்டிற்குக் கொண்டு செல்லலாம். அவர்கள் கணக்கு வேறு.

பழைய ஜீப்பை மலிவாக வாங்கிவிடலாமே என்று என் அலுவலக நண்பர் ஒருவர் யோசனை கூறினார். குழந்தைகள் உள்ள வீட்டிற்கு அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பழைய ஜீப்புகள் பலவற்றில் பின்னிருக்கைகள் ஒன்றையொன்று எதிர்நோக்கிப் பக்கவாட்டில் அமைந்தவை. வாரும் இராது, இருந்தாலும், முன்னோக்கித் தூக்கி எறியப்படும் உடலைப் பக்கவாட்டு வார் ஒழுங்காகப் பிடிக்காது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், பதினான்கு வயதிற்குட்பட்ட குழந்தையை வாரோ குழந்தைக்கான இருக்கையோ இன்றி வண்டியில் கொண்டு செல்பவருக்கு 1,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. தண்டம் கிடக்கட்டும். மடியில் உள்ள குழந்தையைத் திடீர் நிறுத்தத்தில் கைகளால் பிடித்துக்கொள்ளலாம் என்பது நம் தாய்மார்களின் அன்பு; உண்மையன்று. குழந்தையின் எடை அந்தக் கணத்தில் பலமடங்காகிவிடுகிறது.

இனி, எங்கே போகப் போகிறோம் என்ற கேள்வி. என் மனைவி மனத்தில் வைத்திருந்தது ஸ்பிதிப் பள்ளத்தாக்கு. 2020-இல் அடல் சுரங்கம் திறந்தபின் மணாலியிலிருந்து செல்வது எளிதாயிற்று என்று கேள்விப்பட்டிருந்தாள். சுரங்கம் எளிதுதான். அதற்கப்பால் ஓடைகள் சாலையின் மேலேயே பாயும் பாதையும், 4,500 மீட்டருக்கு மேற்பட்ட குன்சும் கணவாயும் இருக்கின்றன. நான்கு சக்கர வண்டி அவற்றை ஏறிவிடும். ஏறக்கூடாதவை குழந்தையின் மூளையும் நுரையீரலும். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர். காஜா 3,600 மீட்டருக்கும் மேல். ஒரே பகலில் அவ்வளவு ஏறி அங்கே உறங்குவது பெரியவர்களுக்கே ஆகாது. 3,000 மீட்டருக்கு மேல் உறங்குமிடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டவேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் விதி.

எங்களை உண்மையில் அஞ்சவைத்தது மற்றொன்று. உயர நோயின் முதல் அறிகுறிகள் தலைவலி, உணவு மறுத்தல், வாந்தி. தலை வலிக்கிறது என்று மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, அழும், அவ்வளவே. எங்கள் மகளோ எந்த மலை வளைவிலும் வாந்தி எடுப்பவள். எது வளைவின் வாந்தி, எது உயரத்தின் வாந்தி என்று 4,000 மீட்டரில், மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருக்கும்போது, யார் பகுத்துச் சொல்வது? இதனை நான் எடுத்துச் சொன்னபோது மனைவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவள் பேசக் கற்றபின் போவோம், கின்னூர் வரைக்கும் இப்போது போகலாமா?” என்று கேட்டாள்.

போகலாம். கின்னூரில் உள்ள கல்பா 2,960 மீட்டர். சிம்லா வழியாகப் படிப்படியாக ஏறுவது. தேசிய நெடுஞ்சாலை 5-இல் பெரும்பகுதி தார்ச் சாலை. பாறை சரிந்த இடங்களில் மட்டுமே கரடு. ஆண்டில் ஆறு நாள் அந்தச் சாலைக்காக முந்நூற்றைம்பது நாள் அங்காடி நெரிசலில் 1,870 மில்லிமீட்டர் அகல வண்டியை நிறுத்த இடம் தேடுவது முறையாக எனக்குத் தோன்றவில்லை. மலைச்சாலையை அன்றாடம் ஓட்டும் உள்ளூர் ஓட்டுநரோடு வண்டியைச் சிம்லாவில் வாடகைக்கு எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். பணியின் நிமித்தம் கரடான பாதையில் நாள்தோறும் செல்லும் அன்பர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் குடும்பம் நால்வர் எனில் பெட்ரோல் ஜிம்னியையும், ஐவர் எனில் ராக்ஸையும் நான் தயங்காமல் சொல்வேன்.

தில்லியிலிருந்து காளகா வரை ரயில். அங்கிருந்து 1903-இல் திறந்த குறுகிய பாதையில் 96 கிலோமீட்டர், நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்கள். எனக்குரிய பாஸில் ஐவர் பெயரும் உண்டு. அம்மாவின் பெயர் உட்பட. வாடகை வண்டிக்காரரிடம் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்டு வைத்திருக்கிறேன்: இருக்கைகள் எல்லாம் முன்னோக்கியவையா, பின்னிருக்கையில் வார் மூன்றும் வேலை செய்கின்றனவா, டயர்கள் எப்போது மாற்றியவை? முதல் இருவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். மூன்றாமவர் வண்டிக்குள் சென்று, வாரை இழுத்துப் பூட்டும் ஓசையைத் தொலைபேசியில் கேட்கச் செய்தார். அவரிடமே பேசி முடித்தாயிற்று. மகளின் குழந்தை இருக்கையை நாங்களே எடுத்துச் செல்கிறோம். அதைத் துணிப்பையில் கட்டி, பொம்மை ரயிலின் தட்டில் எங்கே வைப்பது என்று மகன் இப்போதே படம் வரைந்து கொண்டிருக்கிறான். படத்தில் ஜன்னலோரம் பாட்டிக்கு.