குருதியின் சாட்சியம்

இடியப்ப உரலைப் பிழிவதற்கு வலிய கைகள் வேண்டும். என் அம்மாவின் கைகள் அத்தகையன. 2021ஆம் ஆண்டு மாரிகாலத்தில் ஒரு காலை, அவர் உரலை என்னிடம் நீட்டி, "நீ பிழி பிள்ளை, எனக்குக் கை வழங்கேல்லை" என்றார். அன்று தொட்டு விடியற்பொழுதில் அவரது விரல்கள் மடங்க மறுத்தன. வெயில் ஏறிய பின்னரே சற்று இளகின. இரு கைகளிலும் விரலடி மூட்டுக்களும் மணிக்கட்டுக்களுமாகப் பத்துக்கு மேற்பட்ட மூட்டுக்கள் வீங்கியிருந்தன. 2006இல் பரவிய சிக்குன்குனியாவின் மிச்சம் என்றனர் அயலவர் சிலர். வயதின் கோளாறு என்றனர் வேறு சிலர்.

இரண்டு மாதங்கள் கழித்து ஒரு வைத்தியரிடம் சென்றோம். அவர் குருதிப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். அறிக்கையில் இரண்டு முடிவுகள் இருந்தன. செங்குழியப் படிவு வீதம், அதாவது ஈ.எஸ்.ஆர்., ஒரு மணித்தியாலத்துக்கு 62 மில்லிமீற்றர். முடக்குவாதக் காரணி 'இல்லை'. வைத்தியர் தாளைப் பார்த்தார். கைகளைத் தொட்டுப் பார்க்கவில்லை. முடக்குவாதம் இல்லையென்றும், படிவு வீதம் உயர்ந்திருப்பது குருதிச்சோகையினாலாகலாம் என்றும் கூறி, நோமாத்திரை தந்து அனுப்பினார். அம்மாவுக்குப் பெருமகிழ்ச்சி. "ரிப்போட்டிலை ஒண்டுமில்லையாம்" என்று எல்லோருக்கும் சொன்னார். அத்தாளை மடித்துச் சாமியறையிலும் வைத்தார்.

அந்த 'இல்லை' எவ்வளவு பெறுமதியுடையது என்பதை நான் பின்னரே தேடி அறிந்தேன். 1940இல் நோர்வே நாட்டு வைத்தியர் எரிக் வாலர், முயலின் பிறபொருளெதிரி படிந்த செம்மறியாட்டுச் செங்குழியங்களை, முடக்குவாத நோயாளியின் நீர்ப்பாயம் ஒட்டித் திரளச் செய்வதை எடுத்துக் காட்டினார். முடக்குவாதக் காரணி என இன்று நாம் அழைப்பது இதனையே. உடல் தன் சொந்தப் பிறபொருளெதிரிகளுக்கு எதிராகவே உண்டாக்கும் இன்னொரு பிறபொருளெதிரி அது. முடக்குவாதமுடையோரில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பேரிலேயே அது காணப்படும். நோயின் தொடக்க மாதங்களில் இன்னும் குறைவு. எஞ்சியோருக்கும் நோய் நோயே. ஆனால் தாள் 'இல்லை' என்றே கூறும்.

அதே தாளிலிருந்த 62 என்ற எண்ணோ உரக்கவே பேசியது. குருதியை ஒரு நீண்ட குழாயில் நிலைக்குத்தாக நிறுத்தி வைத்தால் செங்குழியங்கள் மெல்லக் கீழிறங்கும். உடலில் அழற்சி இருக்கும்போது ஈரல் பைபிரினோஜன் என்னும் புரதத்தை மிகுதியாக உண்டாக்குகின்றது. அதனால் செங்குழியங்கள் நாணயங்களை அடுக்கியதுபோல ஒன்றோடொன்று ஒட்டி, விரைந்து படிகின்றன. வயதும் குருதிச்சோகையும் இவ்வீதத்தை உயர்த்தக் கூடும் என்பது உண்மையே. வீட்டில் தீ உண்டு என்று மட்டுமே இச்சோதனை சொல்லும். எந்த அறையில் என்று சொல்லாது. ஆயினும் வீங்கிய மூட்டுக்களோடு சேர்த்துப் படித்திருந்தால் அந்த அறையும் தெரிந்திருக்கும்.

ஒன்றரை ஆண்டு கழிந்தது. விரல்கள் சுண்டுவிரற் பக்கமாகச் சாயத் தொடங்கிய பின்னரே போதனா வைத்தியசாலையொன்றின் கிளினிக்குக்கு அம்மாவை அழைத்துச் சென்றேன். அங்கிருந்த வைத்தியர் முதலில் எந்தத் தாளையும் கேட்கவில்லை. ஒவ்வொரு மூட்டையும் தம் விரல்களால் மெதுவாக அழுத்தினார். "காலைமையிலை எவ்வளவு நேரம் கை விறைப்பாய் இருக்கும், அம்மா?" என்று கேட்டார். நோயின் பெயரை அப்போதே கூறிவிட்டார். பின்னர் செய்வித்த சீ.சீ.பீ. எதிர்ப் பரிசோதனை அவர் கூற்றை உறுதி செய்தது. எக்ஸ்-கதிர்ப் படமோ என்பு அரிக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. அந்த அரிப்பு மீளாது.

அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் அறிஞர்கள் 2010இல் வெளியிட்ட முடக்குவாத வகைப்பாட்டு நியதிகளைப் பின்னொருநாள் படித்தேன். மொத்தப் புள்ளிகள் பத்து; ஆறு பெற்றால் முடக்குவாதம். மூட்டுக்களுக்கு ஐந்து வரை, பிறபொருளெதிரிகளுக்கு மூன்று வரை, அழற்சிச் சோதனைகளுக்கு ஒன்று, ஆறு வாரம் நீடித்தமைக்கு ஒன்று. குருதி தரக்கூடிய புள்ளிகள் அனைத்தையும் கூட்டினாலும் நான்கே. அம்மாவின் முதலாவது அறிக்கையை எடுத்து வைத்துக் கணக்கிட்டேன். மூட்டுக்கு ஐந்து, படிவு வீதத்துக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று: ஆக ஏழு. முடக்குவாதக் காரணி 'இல்லை' என்றிருந்த அதே நாளில் ஏழு! அன்றிரவு நான் உறங்கவில்லை.

இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அம்மாவின் நோய் எனக்கும் வருமோ என்றஞ்சி, எவரிடமும் கேளாமல் ஓர் ஆய்வுகூடத்தில் என் குருதியையும் கொடுத்தேன். முடக்குவாதக் காரணி 'உண்டு' என்று வந்தது. மூன்று வாரங்கள் என் விரல்களையே பார்த்திருந்தேன். கிளினிக் வைத்தியர் என் மூட்டுக்களையும் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இக்காரணி சுகதேகிகள் சிலரிலும், முதியோரிலும், சில நாட்பட்ட தொற்றுக்களிலும் காணப்படுமாம். வீக்கமுற்ற ஒரு மூட்டேனும் இல்லாதவிடத்துப் புள்ளிக் கணக்கே தொடங்குவதில்லை. மூட்டு வீங்கினால் உடனே வரவேண்டும் என்பதே அவர் எனக்குத் தந்த ஒரே மருந்து.

நோயுற்ற அம்மாவுக்கு 'இல்லை'. நோயற்ற எனக்கு 'உண்டு'. பரிசோதனைகள் பொய்யுரைத்தன என்று நான் கூற வரவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு அவை சரியாகவே விடையளித்தன. கல்வெட்டில் ஓர் ஊரின் பெயர் இல்லை என்பதால் அவ்வூரே இருந்ததில்லை என்று முடிவு கட்டலாகாது என வரலாற்று வகுப்பில் நாம் படிக்கின்றோம். சான்றின் மௌனமும் சான்றின் மறுப்பும் ஒன்றல்ல. சாட்சியை நீதிபதியின் ஆசனத்தில் இருத்தியதே நாம் செய்த பிழை. நாம் என்கையில் அந்த வைத்தியரை மட்டும் குறிப்பிடவில்லை. அறிக்கையைக் கண்டு நிம்மதியடைந்து, அம்மாவின் கைகளைப் பார்க்க மறந்த என்னையும் சேர்த்தே கூறுகின்றேன்.

அம்மா இப்பொழுது வாரத்தில் ஒருநாள் மட்டும் மெதோட்ரெக்சேற் மாத்திரை எடுக்கிறார். அம்மருந்து ஈரலையும் குருதிக் கலங்களையும் தாக்காமலிருக்கிறதா என்று அறிய அவருடைய குருதி ஒழுங்காகச் சோதிக்கப்படுகின்றது. ஒவ்வொரு அறிக்கையையும் நான் வரிவரியாகப் படிக்கின்றேன். படிக்குமுன் அவருடைய கைகளை ஒருமுறை பிடித்துப் பார்க்கின்றேன். வீக்கம் வடிந்துவிட்டது. இடியப்பம் மட்டும் இன்னும் நான்தான் பிழிகிறேன்.